பசை போட்டும் பல்செட் ஆடுகிறதா: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பல்செட்டை ஈறில் ஒட்டும் பசை ட்யூபைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். செட்டைக் கழுவி, பசை எதுவும் இல்லாமல், ஈரத்தோடு வாயில் போட்டு ஒருமுறை எச்சிலை விழுங்குங்கள். இப்போது வாயைப் பாதி திறக்கவும். மேல் செட் அப்படியே நிற்கிறதா, தானாகக் கீழே இறங்குகிறதா? வலப்பக்கக் கடைவாய்ப் பல்லை விரலால் மேல்நோக்கி அழுத்துங்கள், இடப்பக்கம் தூக்குகிறதா? கீழ் செட்டுக்கு, நாக்கு நுனியைக் கீழ் முன்பற்களின் உட்பக்கம் லேசாகத் தொட்டபடி வைத்து வாயைத் திறவுங்கள். செட் மிதந்து மேலே வருகிறதா?

பசை இல்லாமலே செட் ஓரளவு நின்று, சாப்பிடும்போதும் சத்தமாகப் பேசும்போதும் மட்டும் தளர்ந்தால் பசை நன்றாக உதவும். தானாகவே விழுந்தாலோ, ஒரு பக்கம் அழுத்த மறுபக்கம் எழுந்தாலோ, கோளாறு செட்டின் அளவில் இருக்கிறது. அதற்கு எவ்வளவு பசை போட்டாலும் டாக்டரிடம் போகும் வரைக்குமான ஒப்பேற்றல்தான். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருபவை.

செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே எச்சில் மெல்லிய படலமாக நிற்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போலத்தான் செட்டும் ஒட்டுகிறது. படலம் மெலிதாக இருந்தால் பிடிப்பு அதிகம், தடித்தால் குறைவு. பசையில் இருக்கும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் எச்சிலை உறிஞ்சி உடனே கொழகொழப்பாகி முதல் பிடிப்பைத் தரும், ஆனால் சீக்கிரம் கரையும். பெரும்பாலான க்ரீம்களில் அதோடு மெதுவாகக் கரையும் ஒரு பாலிமர் உப்பும் சேர்ந்திருக்கும். மணிக்கணக்கில் நிற்பது அதனால்தான். இரண்டும் நீரைக் குடித்து உப்பி, சிறிய இடைவெளியை அடைக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் அடைத்த பசை கரைந்து ஓடிவிடும்.

அளவும் முறையும்

இதைச் சரியாகச் செய்தாலே பல பேருக்குப் பிரச்சினை பாதியாகக் குறையும்.

முந்தைய பசையின் மிச்சம் துளிகூட இல்லாமல் செட்டைப் பிரஷ்ஷால் தேயுங்கள். பற்பசை வேண்டாம், அது செட்டின் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கைக் கீறும்; பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு சொட்டு போதும். வாயையும் கொப்பளித்துவிடுங்கள். க்ரீம் என்றால் செட்டின் உட்பக்கத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். பவுடர் என்றால் நேர்மாறு: செட் ஈரமாக இருக்க வேண்டும், பவுடரை மெல்லியதாகத் தூவி, கவிழ்த்துத் தட்டி, ஒட்டாத தூளை உதிர்த்துவிட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

க்ரீமின் அளவு: ஒரு செட்டுக்குச் சிறு பட்டாணி அளவில் மூன்று பொட்டு, அதிகபட்சம் நான்கு. மேல் செட்டில் முன்பல் இருக்கும் மேட்டுக்கு நேராக ஒன்று, இரண்டு கடைவாய்ப் பக்கமும் ஒவ்வொன்று, தேவைப்பட்டால் அண்ணத்தின் நடுவில் நான்காவது. கீழ் செட்டில் முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. எந்தப் பொட்டும் ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் வரக் கூடாது. வாயில் வைத்து, விரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு பல்லை லேசாகக் கடித்து ஒரு நிமிடம் வையுங்கள். அடுத்த ஐந்து நிமிடத்துக்குக் காபியோ சாப்பாடோ வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒருமுறைதான். மேல், கீழ் இரண்டு செட்டும் போடுபவருக்கு 68 கிராம் ட்யூப் ஏழெட்டு வாரம் வர வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொன்ன கணக்கு. அதாவது இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு சுமார் 1.3 கிராம். உங்கள் 20 கிராம் ட்யூப் பதினைந்து நாளுக்குப் பதில் ஒரே வாரத்தில் தீர்ந்துபோகிறது என்றால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் செட்டைக் காட்டியாக வேண்டும்.

அறிகுறி: போட்ட உடனே வழுக்குகிறது, பிடிக்கவே இல்லை

செட்டைக் கழற்றிப் பசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முழுக்க ஈறிலேயே தங்கி செட் வெறுமையாக வந்தால், க்ரீம் போடும்போது செட் ஈரமாக இருந்திருக்கிறது. முழுக்க செட்டிலேயே இருந்து ஈறு வழவழப்பாக இருந்தால், ஈறில் கெட்டியான எச்சில் படிந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்து, ஈரமான காஸ் துணியை விரலில் சுற்றி ஈறையும் அண்ணத்தையும் துடைத்துவிட்டுப் போடுங்கள். இரண்டிலும் பசை இருந்தும் வழுக்கினால் அளவு அதிகம். மூன்று பொட்டுக்குப் பதில் இரண்டு போட்டுப் பாருங்கள். குறைத்தால் பிடிப்பு கூடுவது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் படலம் மெலிதானால் பிடிப்பு கூடும் என்ற அதே கணக்குதான் இது.

அறிகுறி: காலையில் நிற்கிறது, மதியத்துக்குள் விட்டுவிடுகிறது

சூடான காபி, ரசம், சாம்பார் எல்லாம் பசையை வேகமாகக் கரைக்கும். காலையில் போட்டு, உடனே காபி குடிப்பவர்களுக்குப் பசை உப்பிக் கெட்டிப்படும் முன்பே ஓரத்தில் கரைய ஆரம்பித்துவிடுகிறது. காபியை முடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, அதன்பின் பசை போட்டு, சற்றுப் பொறுத்து டிபன் சாப்பிடுவது நல்ல வரிசை.

பவுடர் பயன்படுத்துகிறவர்கள் க்ரீமுக்கு மாறிப் பார்க்கலாம். பவுடர் சீக்கிரம் கழுவிப் போய்விடும், ஆனால் சுத்தம் செய்வது எளிது. ஃபிட்டிடென்ட் போல நீரில் கரையாத வகையும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. அது நீண்ட நேரம் நிற்கும், அதே அளவுக்குத் துடைத்தெடுக்கவும் நேரம் பிடிக்கும். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும், வேறொருவர் செட்டைப் பராமரித்துத் தரும் முதியவர்களுக்கும் அதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

இவை எல்லாம் செய்தும் நான்கு மணி நேரம் தாண்டவில்லை என்றால் இடைவெளி பெரிது. அடிக்கடி எடுத்து எடுத்துப் போடுவது தீர்வல்ல.

அறிகுறி: பசை பிதுங்கி நாக்கில் படுகிறது, குமட்டுகிறது

கொஞ்சம் பிதுங்குவதற்குக் காரணம் அளவு. பின்னால் தொண்டைப் பக்கம் மட்டும் பிதுங்கிக் குமட்டினால் அண்ணத்தின் நடுப்பொட்டை விட்டுவிடுங்கள், பக்கத்துப் பொட்டுகளையும் சற்று முன்னே நகர்த்துங்கள். பசையே போடாமலும் குமட்டல் வந்தால், செட்டின் பின் ஓரம் நீளமாக இருக்கலாம், அல்லது சரியாகப் பொருந்தாமல் அடிநாக்கில் தட்டலாம். இதை டாக்டர்தான் சீர்செய்ய வேண்டும். வீட்டில் உப்புத்தாளால் தேய்த்தால், காற்று புகாமல் தடுக்கும் பின்பக்க அடைப்பு போய், பிறகு செட் நிற்கவே நிற்காது.

அறிகுறி: மேல் செட் விழுகிறது

எப்போது விழுகிறது என்று கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

முன்பல்லால் கொய்யாப்பழத்தையோ முறுக்கையோ கடிக்கும்போது பின்பக்கம் இறங்கினால், அண்ணத்தில் பின் ஓரத்தின் அடைப்பு போதவில்லை. "ஆ" என்று சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதி அசையும். அசையும் இடமும் அசையாத இடமும் சந்திக்கிற கோட்டில் செட் முடிய வேண்டும், அங்கே லேசாக அழுத்தியும் இருக்க வேண்டும். குமட்டுகிறது என்று ஓரத்தை வெட்டிக் குட்டையாக்கிய செட்டுகளில் இந்த அடைப்பு இருக்காது, காற்று புகுந்துவிடும். பசையில் ஒரு ஒப்பேற்று வழி உண்டு: நடுப்பொட்டைக் கொஞ்சம் பின்னே தள்ளி, குறுக்காக ஒரு சிறிய கோடாகப் போடுவது. ஆனாலும் முன்பல்லால் கடிப்பதை விடத்தான் வேண்டும். முறுக்கை உடைத்து, சிறு துண்டாக இரண்டு பக்கக் கடைவாயிலும் ஒரே நேரத்தில் வைத்து மெல்லுங்கள்; ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் நெம்பும்.

கொட்டாவி விடும்போது மட்டும் விழுந்தால், கன்னப் பக்கம் செட்டின் பின் ஓரம் தடிமனாக இருக்கலாம். வாயை அகலத் திறக்கும்போது கீழ்த் தாடை எலும்பின் ஒரு முனை முன்னே வந்து அந்தத் தடிமனைத் தள்ளிவிடும். சிரிக்கும்போது விழுந்தால், உதட்டையும் கன்னத்தையும் ஈறோடு இணைக்கும் சதை மடிப்புக்கு செட்டின் ஓரத்தில் போதுமான வெட்டு விடவில்லை என்று சந்தேகிக்கலாம். இந்த இரண்டுக்கும் பசை பிடிக்காது. டாக்டர் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தால் பல நேரம் உடனே சரியாகிவிடும்.

தும்மும்போதும் பலமாக இருமும்போதும் விழுவது எந்த நல்ல செட்டுக்கும் நடக்கக்கூடியது. கையால் வாயைப் பொத்திக்கொள்வதுதான் வழி.

அறிகுறி: கீழ் செட் மிதக்கிறது

கீழ் செட் உட்காரும் பரப்பு மேல் செட்டுடையதில் ஏறக்குறைய பாதிதான். அண்ணம் போல விரிந்த தளம் கிடையாது, நாக்கும் ஓயாமல் தள்ளும். போதாக்குறைக்கு, பல் எடுத்தபின் கீழ்த் தாடையில் பல் இருந்த எலும்பு மேடு மேல் மேட்டைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தேயும். ஆகவே மேல் செட்டைப் போலக் கீழ் செட்டையும் பசையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் நாக்கைப் பாருங்கள். பலர் செட் எழும்புமோ என்ற பயத்தில் நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். நாக்கு பின்னே போனால் வாயின் தரை தூக்கி, உட்பக்க அடைப்பு திறந்து, செட் உடனே மிதக்கும். நாக்கு நுனி கீழ் முன்பற்களின் உட்பக்கம் தொட்டபடி ஓய்வில் இருக்க வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து தினம் ஐந்து நிமிடம், இந்த நிலையில் வாயைத் திறந்து மூடிப் பழகுங்கள். அதன்பின் ஒரு பத்தி சத்தமாகப் படியுங்கள்.

பசைக்குக் கீழ் செட்டில் எச்சில் பெரிய எதிரி, ஏனென்றால் அது தேங்கும் இடமே அங்கேதான். போடுவதற்கு முன் ஒருமுறை விழுங்கி, காஸ் துணியால் ஈறை ஒற்றிக்கொள்ளுங்கள். கெட்டியான க்ரீம் பவுடரைவிட இங்கே நன்றாக நிற்கும். தண்ணீரில் நனைத்து வைக்கும் ஒட்டுப் பட்டைகளும் சிலருக்கு ஒத்துப்போகும். மேட்டின் வடிவத்துக்குக் கத்தரித்து, ஓரத்துக்கு உள்ளேயே முடியும்படி வையுங்கள்.

மேடு தேய்ந்து தட்டையாகிவிட்டவர்களுக்கு இன்னொரு வழி, கீழ்த் தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து, அதில் மாட்டிக்கொள்ளும் செட் செய்வது. கீழ் செட்டால் உண்மையாகவே அவதிப்படுகிறவர் பசையை மாற்றி மாற்றி வாங்குவதற்கு முன் இதைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: வாய் வறண்டு பசை தூளாகக் காய்கிறது

பசைக்கு ஈரம் வேண்டும். எச்சில் குறைந்தால் அது உப்பவே செய்யாது. சர்க்கரை நோய், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை, அமிட்ரிப்டிலின், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மருந்துகள், அலர்ஜி மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரைகள் எல்லாம் வாயை உலர்த்தும். இவர்கள் க்ரீம் போட்ட பிறகு அதன்மேல் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் தெளித்து வைக்கலாம். வாயில் ஒரு மடக்கு நீர் பிடித்துத் துப்பிவிட்டுப் போடுவதும் பலன் தரும். செயற்கை எச்சில் ஸ்ப்ரேயும் கிடைக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; எழுதிக்கொடுத்தவரிடம் வாய் வறட்சியைச் சொல்லுங்கள்.

அறிகுறி: எள், தக்காளி விதை, பொரியல் துணுக்கு உள்ளே போகிறது

சாப்பிடும்போது செட் எழுந்து இறங்குவதால் இது வருகிறது. பொட்டுகளுக்குப் பதில், வெளி ஓரத்துக்கு இணையாக அரை சென்டிமீட்டர் உள்ளே மெல்லிய கோடாகப் பசை இழுத்தால் அடைப்பாக நிற்கும். மொத்த அளவு அதேதான். சாப்பிட்டதும் கழற்றிக் கழுவும் பழக்கம் வேண்டும். துணுக்கோடு மெல்வதால்தான் பல புண்கள் தொடங்குகின்றன.

அறிகுறி: எரிச்சல், சிவப்பு, புண்

மூன்றும் வேறு வேறு.

ஒரே ஒரு புள்ளியில் வலியும் வெள்ளை விளிம்போடு புண்ணும் இருந்தால் செட் அங்கே குத்துகிறது. அந்த இடத்தில் பசையை மெத்தை போல அப்புவது தவறு. செட் சாய்ந்து இன்னொரு இடத்தில் குத்தும், கடியும் மாறும். செட்டைக் கழற்றி ஓய்வு கொடுங்கள், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் சில மணி நேரம் செட்டைப் போட்டிருங்கள், குத்தும் இடம் தெளிவாகத் தெரியும். செட் போடாமல் விட்டும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை உடனே காட்டுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் அதற்கும் முன்பே போக வேண்டும்.

வலியே இல்லாமல், செட் மூடுகிற பரப்பு முழுவதும் செட்டின் வடிவத்திலேயே சிவந்திருந்தால், பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. இரவிலும் கழற்றாமல் தூங்குவதும், பழைய பசையின் மேலேயே புதுப் பசை போடுவதும் இதை வளர்க்கும். பூஞ்சை மருந்து டாக்டர் தருவார், ஆனால் இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்காவிட்டால் திரும்ப வரும். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வு, செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதாகக் கண்டது. வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

புது பிராண்டுக்கு மாறிய சில நாளில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் சுவையூட்டி, நிறமூட்டி, பதப்படுத்தி ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நிறுத்திப் பாருங்கள். கராயா கோந்து கலந்த பவுடரில் அமிலத்தன்மை உண்டு. வாயில் சொந்தப் பற்கள் மிச்சமிருப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: முன்பு நன்றாக இருந்தது, இப்போது வலது இடதாக ஆடுகிறது

எலும்பு தேய்ந்திருக்கிறது, அல்லது உடல் எடை குறைந்திருக்கிறது. பல் எடுத்த அன்றே செட் போட்டவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் இது நடந்தே தீரும். பல் எடுத்த காயம் ஆறும் வரை அங்கே பசை போடக் கூடாது. டாக்டர் மென்மையான உட்பூச்சு போட்டுத் தருவார்.

மற்றவர்களுக்கு ரீலைன்தான் வழி. பழைய செட்டுக்குள்ளேயே அச்செடுத்து, உட்பக்கத்தில் புது அக்ரிலிக் சேர்த்து, இன்றைய ஈறுக்குப் பொருந்த வைப்பார்கள். லேபுக்கு அனுப்பினால் செட் இல்லாமல் ஒன்றிரண்டு நாள் இருக்க நேரிடும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல் தேய்ந்து, தாடை ஒட்டி, உதட்டோரம் மடிந்து வெடிப்பு வருகிறது என்றால் ரீலைன் போதாது, புது செட் தேவை.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகளை உடைந்த செட்டிலோ ஈறுப் பக்கத்திலோ தொடவே கூடாது. வாய்க்குள் போக வேண்டிய பொருள் அல்ல அது, ஒட்டிய இடத்தில் அக்ரிலிக்கும் கெட்டு லேபில் சரிசெய்வதும் கடினமாகும். சில பற்களுக்கு மட்டும் செய்து, சொந்தப் பற்களில் கம்பியால் மாட்டும் செட் ஆடினாலும் பசையை நாட வேண்டாம். கம்பியை டாக்டர் இறுக்கித் தந்தால் போதும்.

அறிகுறி: கழற்ற வரவில்லை, பசை ஈறிலேயே தங்குகிறது

வெதுவெதுப்பான நீரை வாயில் பிடித்து ஒரு நிமிடம் கொப்பளியுங்கள். மேல் செட்டுக்கு, ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்கும் செட்டுக்கும் நடுவே கொண்டுபோய்க் கடைவாயின் மேல் ஓரத்தைக் கீழ்நோக்கித் தள்ளினால் காற்று புகுந்து விட்டுவிடும். முன்பல்லைப் பிடித்து இழுத்தால் வராது, ஈறுதான் வலிக்கும். கீழ் செட்டை முன்னாலிருந்து மெதுவாக மேலே அசைத்து எடுக்கலாம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி அல்லது துண்டு விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள், கை தவறினால் உடையாது.

ஈறில் ஒட்டிய மிச்சத்தை உலர்ந்த காஸ் துணியால் பின்னிருந்து முன்னாகத் துடையுங்கள். கரையாத வகைக்குத் துணியில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் எளிதில் வரும். செட்டில் இருப்பதை உலர்ந்த துணியால் வழித்துவிட்டு, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கொதிநீரில் போடாதீர்கள், அக்ரிலிக் வளைந்துவிடும், அப்புறம் எந்தப் பசையும் உதவாது. சுத்தம் செய்யும் மாத்திரையை டம்ளர் தண்ணீரில் மட்டும் போட வேண்டும், வாய்க்குள் செட் இருக்கும்போது ஒருநாளும் கூடாது.

அறிகுறி: கை, கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது

இது அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. சில பசைகளில் துத்தநாகம் இருக்கும். அளவுக்கு மீறிப் பல ஆண்டுகள் போடுகிறவர்கள் அதை நாளும் விழுங்குகிறார்கள். துத்தநாகம் மிகுந்தால் உடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறையும். தாமிரம் குறைந்தால் இரத்த சோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். இதனால்தான் கிளாக்ஸோஸ்மித்க்லைன் நிறுவனம் 2010 பிப்ரவரியில் துத்தநாகம் கலந்த பாலிகிரிப் பசைகளை நிறுத்தியது. ட்யூபின் பின்பக்கம் "ஜிங்க்" இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இல்லாத ஒன்றை வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு ட்யூப் என்ற கணக்கில் போட்டுவந்தவருக்கு மரத்துப்போகும் உணர்வு இருந்தால், பசையை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் ட்யூபையும் எடுத்துப் போங்கள். இரத்தத்தில் தாமிரம், துத்தநாகம் இரண்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.